கென்னாவின் டிரெய்லர்

மகளைப் புதைத்த எட்டாம் நாளே லோர்னா வேலைக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஹார்லோ கிரீக் ஊரின் தானியக் கிடங்கில் எடைமேடை அவள் பொறுப்பு. மக்காச்சோளம் ஏற்றிய லாரி வந்து நிற்கும். ஜன்னலைத் திறந்து சீட்டைக் கிழித்து நீட்டுவாள். அந்த வாரம் சீட்டை வாங்கியதும் யாரும் கிளம்பவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் சிலர், "இந்த வருஷம் சோளத்துல ஈரம் ஜாஸ்தி" என்றார்கள். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒருவனே துப்பாக்கியோடு வந்து நடைக்கூடத்தில் சுட்டான். மூன்று பேருக்குக் குண்டு பட்டது. இரண்டு பேர் பிழைத்தார்கள். லோர்னாவின் மகள், பதினேழு வயது கென்னா வானெக் பிழைக்கவில்லை. தொலைக்காட்சி வண்டிகள் வந்தன, நான்கு நாள் நின்றன, போய்விட்டன. பிறகு ஊர்தான் மிச்சம்.

ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரத்தது. லோர்னாவின் குளிர்பெட்டியில் கோழியும் நூடுல்ஸும் சீஸும் போட்டு வேகவைத்த தட்டுகள் அடுக்கடுக்காக நின்றன. பள்ளி நிர்வாகத்தார் வாசலில் பளிங்குக்கல் வைக்கலாம் என்று வந்தார்கள்.

"கல்லெல்லாம் வேணாங்க. அவ ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டா. அவ பேர்ல கல்லு நிக்கணுமா?" என்று அனுப்பிவிட்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து டெப்லி வந்தார். பள்ளியில் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவர், ஆள் கதவு அகலம். லாரி இல்லாமல் நடந்து வந்து எடைமேடை நடுவில் நின்றார்.

லோர்னா ஜன்னலைத் திறந்தாள். "டெப்லி, நீங்க நிக்கிறது எடைமேடை. இருநூத்தி அறுபது பவுண்டு காட்டுது."

"உங்க வீட்டுக்கு வர்ற சாப்பாட்டுல பாதி, அவளுக்கு வாத்தியார்னு எனக்கும் வந்துருது. வேணாம்னா கேக்கறாங்களா?"

அந்தப் பதினைந்து நாளில் அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அவர் கிட்டே வந்தார்.

"கென்னாவோட டிரெய்லர் பட்டறையில பாதியில நிக்குது. பசங்க அது பக்கமே போக மாட்டேங்கறாங்க. உங்க வீட்டுக்குக் கொண்டுவந்து விடவா? இல்ல..."

வண்டிக்குப் பின்னால் மாட்டிக் கன்றுக்குட்டிகளை ஏற்றிப்போகும் டிரெய்லர் அது. வெல்டிங் வகுப்புக்காகப் போன வருஷமே தொடங்கியிருந்தாள்.

"முடிச்சுடுங்க," என்றாள் லோர்னா.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? பாதியில விட்டா அவளுக்கு ஆகாது. பாத்திரம் கழுவறதை மட்டும்தான் பாதியில விடுவா."

பட்டறை பள்ளிக்குப் பின்னால் தனிக் கொட்டகை. நடைக்கூடத்தை மிதிக்காமலே உள்ளே போகலாம். முதல் சனிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். நான்காவது சனிக்கிழமை பதினான்கு பேர். வெல்டிங் தெரியாதவர்கள் துருவைத் தேய்த்தார்கள், தரையைக் கூட்டினார்கள். பிள்ளைகளை இறக்கிவிட வந்த அப்பாமார்கள் போகாமல் அங்கேயே சுத்தியலைத் தேடினார்கள். தோளில் குண்டு பட்டுப் பிழைத்த கோல்பி, கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எல்லாரையும் அதட்டினான். "கைதான் ஒண்ணு. வாய்க்கு ஒரு குறையும் இல்ல," என்றாள் ஃபிரேயா. கென்னாவுக்கு உயிர்த்தோழி அவள்.

மூடியிருந்த பள்ளி ஜனவரியில் திறந்தபோது பல பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் பட்டறையில் கூடி, பள்ளியின் பின்கதவு வழியாக ஒன்றாக உள்ளே நடந்தது. மறுநாள் அந்தக் கூட்டத்தோடு இன்னும் ஒன்பது பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கோல்பி லோர்னாவைப் போனில் கூப்பிட்டான். "மிசஸ் வானெக், இங்க ஒரு சண்டை. நீங்க வந்தாத்தான் தீரும்."

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு லோர்னா பள்ளிப் பக்கமே வந்ததில்லை. வண்டியைப் பட்டறைக்கு எதிரே நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் கோல்பி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான்.

"எனக்கு மொத நாள் இருபது நிமிஷம் ஆச்சு," என்றான். "நீங்க எவ்வளவு நேரம் வேணா உக்காருங்க. எங்கிட்ட மிட்டாய் இருக்கு."

ஆளுக்கு இரண்டு மிட்டாய் தின்ற பிறகு இறங்கினார்கள்.

சண்டை இதுதான். கென்னா தன் கையால் பற்றவைத்த இணைப்புகளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பாதிப் பேர். சரியில்லாததை மாற்றியே ஆகவேண்டும் என்று மீதிப் பேர். ஃபிரேயா அழுது அழுது மூக்கு சிவந்து நின்றாள்.

டெப்லி லோர்னாவைக் கூட்டிப்போய்க் காட்டினார். "இந்தக் கதவுல இருக்கறது பாக்க அசிங்கம், ஆனா தாங்கும். வண்டியில மாட்டற கொக்கிகிட்ட இருக்கறதுதான் தாங்காது. ரோட்டுல போறப்ப விட்டுரும். அவகிட்டயே சொன்னேன்."

"என்ன சொன்னா?"

அவர் கொக்கிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தச் செவ்வாய்க்கு மொத நாள், திங்கக்கிழமை சாயங்காலம் அது. 'தெரியும் சார், நாளைக்கு அறுத்துட்டு மறுபடி போட்டுடறேன்'னா."

லோர்னா குனிந்து கொக்கியருகே இருந்த அந்தக் கரடுமுரடான இணைப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப அவ சொன்னபடி செய்யுங்க. தாங்கறதை விட்டுடுங்க, தாங்காததை அறுத்துடுங்க. என் பொண்ணு பேரைச் சொல்லிக்கிட்டு யார் வீட்டுக் கன்னுக்குட்டியும் ரோட்டுல உருள வேணாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், சிலர் அழுதுகொண்டே. ஃபிரேயா கண்ணைத் துடைத்துக்கொண்டு லோர்னாவின் தலையில் ஒரு வெல்டிங் முகக்கவசத்தை மாட்டிவிட்டு, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். அறுத்தது கோல்பியின் அப்பா, பற்றவைத்தது ஃபிரேயா. கறுப்புக் கண்ணாடி வழியாக அந்தச் சின்ன வெளிச்சம் மெதுவாக ஊர்ந்துபோய் முடியும்வரை லோர்னா பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அன்று எட்டு மணி நேரம் தூங்கினாள்.

மார்ச்சில் டிரெய்லர் முடிந்தது. விழா எதுவும் வேண்டாம் என்றாள் லோர்னா. "கிடங்கு வாசல்ல நிக்கட்டும். யாருக்கு வேணுமோ எடுத்துட்டுப் போகட்டும். கழுவிக் கொண்டுவந்து விட்டாப் போதும்."

அது பசுக்கள் கன்று போடும் பருவம். டிரெய்லர் ஒரு நாள்கூட சும்மா நிற்கவில்லை. பனியில் விறைத்த கன்றுகள் அதில்தான் கால்நடை மருத்துவரிடம் போயின. திருப்பி விட வந்தவர்கள் எடைமேடை ஜன்னலில் நின்று நன்றி சொன்னார்கள். கூடவே கென்னாவைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். தபால்காரர் மகளுக்கு அவள் பின்னோக்கி வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது, தேவாலய விருந்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு வாயே திறக்காமல் இருந்தது. லோர்னாவுக்குப் பாதி தெரியாது. இனி மகளைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமே இருக்காது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஏப்ரலில் வெர்லின் டோஷ் டிரெய்லரைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஊரில் யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"உங்க பொண்ணு என்னைத் திட்டியிருக்கா, தெரியுமா?"

"உங்களையா? எதுக்கு?"

"போன கோடையில டயர் பஞ்சராகி ரோட்டோரம் நின்னேன். கொளுத்தற வெயில். ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இல்ல. அந்தப் பக்கமா வந்தவ வண்டியை நிறுத்தி, எறங்கி, தன் ஜாக்கியைப் போட்டு, எல்லாத்தையும் அவளே மாட்டிட்டு, 'ஜாக்கி இல்லாம எவனாவது ஊரைச் சுத்துவானா?'ன்னு கேட்டா. என்னை! அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் ஹாரன் அடிச்சு, 'ஜாக்கி வாங்கியாச்சா?'ன்னு கத்துவா. கடைத்தெருவுல, தேவாலய வாசல்ல, எல்லார் முன்னாலயும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொல்றதுக்கு இதுல என்ன இருக்குன்னு விட்டிருப்பா." அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாங்கிட்டேன்னு சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள..."

லோர்னா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி, வெர்லின்."

பின்னால் விதைச் சோளம் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. வெர்லின் அதைப் பார்த்து நகரப் போனார்.

"அவன் நிக்கட்டும்," என்றாள் லோர்னா, அவர் கையை விடாமல். "இன்னொரு தடவை சொல்லுங்க. மொதல்லேர்ந்து."