முன்சக்கரத்தை முடுக்குகிறவன்

1

இக்கதை ஒட்டுக்கேட்டதால் எனக்குக் கிடைத்தது. மிதிவண்டிக் கடையில் என் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அருகிலிருந்த பெஞ்சில் ஓர் அக்காவும் தம்பியும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எவ்வகையை வாங்குவது என்று வழக்காடிக்கொண்டிருந்தனர். காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவனல்லன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: முப்புரம் எரிக்கப் புறப்பட்ட தேருக்கே அச்சிற்றதெனில், மண்மிசை ஒரு மங்கையின் ஈருருளி—

[விட்டுவிட்டேன். அவள் கண் மருத்துவமனையில் செவிலியர். காலைப் பணிக்குச் சைக்கிளில் செல்பவள். மங்கை என்றழைத்தால் திரும்பிக்கூடப் பாராள்.]

2

வாசகர் அறியவேண்டியது சிறிது உண்டு. சக்கரத்தை மாட்டும் முறையைக் கொண்டு ஃபோர்க் இருவகை. குவிக் ரிலீஸ் என்பது சக்கரத்தின் நடுவே செல்லும் மெல்லிய கம்பி. அதன் முனையில் ஒரு நெம்புகோல் இருக்கும். மடக்கி அழுத்தினால் சக்கரம் இறுகும், விரித்துத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். துரூ ஆக்சில் என்பதோ தடித்த அச்சு. ஃபோர்க்கின் ஒரு காலில் நுழைந்து, சக்கரத்தை ஊடுருவி, மறுகாலில் திருகிக்கொள்ளும். அதை உருவி எடுத்தாலன்றிச் சக்கரம் வெளியே வாராது.

தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வீட்டில் அவனுக்குப் பெயரே லிஃப்ட். ஒருநாள் அக்காவின் சைக்கிளைக் காரில் ஏற்றுவதற்காக முன்சக்கரத்தைக் கழற்றினான். திரும்ப மாட்டும்போது, மடக்கவேண்டிய நெம்புகோலை நட்டைப் போலச் சுற்றிச் சுற்றி முடுக்கினான். இறுகிவிட்டதாகவே அவன் கைக்குத் தோன்றியது. பாலத்து இறக்கத்தில் அவள் பிரேக் பிடித்தபோது சக்கரம் தன்வழியே போயிற்று. ஃபோர்க் முறிந்தது, அவளுடைய காறை எலும்பும் முறிந்தது.

(பலரும் செய்யும் தவறுதான் இது என்றார் மெக்கானிக். நன்றாக முடுக்கப் பழகிய கைதான் இதில் எளிதாக ஏமாறும் என்பது என் சேர்க்கை.)

3

“துரூ ஆக்சிலே போட்டுரலாம்க்கா.”

“பழைய வீல் அதுக்குச் சேராதாமே. வீலு நல்லாத்தானடா இருக்கு.”

“புது வீல் நான் வாங்கித் தரேன்.”

“நான் உன்கிட்ட வீல் கேட்டேனா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“உன்னை நம்பி ஒரு ஊரே பன்னெண்டு மாடி ஏறி எறங்குது, லிஃப்ட். என்னால ஒரு பாலம் எறங்க முடியல.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தோள் ஆறிவிட்டது, வலி மிச்சமிருந்தது போலும், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். அவன் சிரிக்கவேயில்லை.

“அதனாலதான் சொல்றேன். துரூ ஆக்சில்னா தானாக் கழண்டு வராது. நானும் இனிமே உன் வண்டியத் தொடவே மாட்டேன்.”

“அப்ப யாருடா தொடுவா? எதிர்வீட்டுக்காரரா?”

4

‘தொடவே மாட்டேன்.’ இச்சொல்லைக் கேட்ட பிறகே இவர்களைக் கதையாக எழுதத் துணிந்தேன். அவள் பழைய வகையைக் கேட்டது அவனை மன்னித்துவிட்டேன் என்று காட்டுவதற்கு. அவன் புதியதைக் கேட்டதோ, தன் கையை அவள் வாழ்விலிருந்து விலக்கிக்கொள்வதற்கு.

இவ்வளவு கனிவு ஒருத்திக்கு இருக்குமா என்று ஐயுற்று, ஒரு வரைவில் அவளைக் கத்தவைத்தேன். அந்தக் குரல் என்னுடையதாக ஒலித்தது. அந்த வரைவை அடித்து நீக்கிவிட்டேன்.

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

(அ) குவிக் ரிலீஸ் வாங்குகிறாள். தம்பியின் கையாலேயே மடக்கச் சொல்கிறாள். படிப்பவர் கண் கலங்கும். பிறகு அவள் அந்தப் பாலத்தில்—

[வேண்டாம். ஒரு பக்கத்தை அழகாக முடிப்பதற்காக ஒருத்தியின் எலும்பைப் பணயம் வைக்கலாகாது.]

(ஆ) துரூ ஆக்சில் வாங்குகிறாள். தம்பி அவள் வண்டியை விட்டு விலகுகிறான். பிறகு மெல்ல மெல்ல அவளையும் விட்டு விலகுகிறான். இதை எழுதிய அன்று, வழக்கமாக ஓதும் பதிகத்தில் என் மனம் ஊன்றவில்லை. நாவு மட்டும் பாடிற்று.

5

நடந்தது வேறு. மெக்கானிக் பொறுமையிழந்தார்.

“ஒழுங்கா மாட்டினா ரெண்டுமே நல்லதுதாங்க. துரூ ஆக்சிலும் தானா முடுக்கிக்காது. யாராவது ஒருத்தர் முடுக்கித்தான் ஆகணும்.”

அக்கா சற்று யோசித்தாள்.

“இத நட்டு மாதிரி சுத்தித்தான் முடுக்கணுமா?”

“ஆமா. மடக்குற வேலையெல்லாம் இல்ல.”

“அப்ப இதையே போடுங்க. முடுக்குறது இவன்.”

“நானா?”

“உனக்குத் தெரிஞ்ச வேலதானடா. எந்திரி.”

எந்த அச்சு சிறந்தது என்று அவள் கேட்கவில்லை. அவன் கைக்கு எது பொருந்தும் என்று கேட்டாள். இதை நான் கற்பனையால் எழுதியிருக்க முடியாது. அதனால்தான் உங்களிடம் கொண்டுவந்தேன்.

6

புது ஃபோர்க்கும் சக்கரமும் பொருத்தியாயிற்று. தம்பி அறுமுனைச் சாவியான ஆலன் கீயால் அச்சை முடுக்கி எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“செக் பண்ணிக்கோக்கா.”

“நான் மாட்டினதையே நான் ரெண்டு தடவ பாப்பேன்,” என்றார் மெக்கானிக், யாரையும் பாராமல்.

அவள் வண்டியருகே வந்து கையை நீட்டினாள். குனிந்து அச்சை அசைத்துப் பார்ப்பதற்கா, கைப்பிடியைப் பற்றி உருட்டிச் செல்வதற்கா—

[இவ்வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. என் வண்டி தயார் என்று அழைத்தார்கள். அழைக்குமுன்பே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்பதே உண்மை. அவள் சோதித்தால் அன்பு குறைந்ததென்றோ, சோதியாமல் சென்றால் அறிவு குறைந்ததென்றோ எழுதிவிடுவேன் என்று அஞ்சினேன்.]

தம்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனருகே நின்று பார்க்க இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது. வாருங்கள்.