மூன்று முறை கூப்பிடுவார்கள்

“ரஞ்சித்குமார், நாலு பேர். ரஞ்சித்குமார், நாலு பேர். ரஞ்சித்குமார்.”

ரிசார்ட்டின் சாப்பாட்டு வீதி நடுவிலிருந்த கண்ணாடிக் கூண்டிலிருந்து ஒலிபெருக்கி கூப்பிட்டது. அலைக்குளத்தில் ஆடிவிட்டு ஈரத் தலையோடு பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒரு குடும்பம் துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடியது. மூன்று முறைதான் கூப்பிடுவார்கள். அதற்குள் வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

அதே பெஞ்சின் ஓரத்தில் தேன்மொழி பதினொரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, அரூரில் வண்டி மாறி வந்தவள். கையில் பச்சைச் சீட்டு. ரிசார்ட்டில் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் கொடுக்கிற இலவசச் சீட்டு அது. ராட்டினத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். சாப்பாடு மட்டும் ஒரு தடவை. வீதியிலிருக்கும் ஆறு ஓட்டல்களில் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். அங்கே சீட்டில் ஓட்டை போட்டுவிட்டால் வேறு ஓட்டல் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

அவள் சாப்பிட வரவில்லை. அவளுடைய வீட்டுக்காரன் வீரன் இந்த ஆறில் ஏதோ ஒன்றில்தான் செத்துப்போனான். எதில் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள்.

வீரன் இந்த வீதியில் துப்புரவு வேலை பார்த்தான். ஒவ்வொரு ஓட்டலிலும் சமையலறைக் கதவுக்கு முன்னால் தரைக்கடியில் ஒரு தொட்டி உண்டு. பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் அதில் போய்த் தேங்கும். மேலே இரும்பு மூடி, மூடியின் மேல் கயிற்றுப் பாய். அடைத்துக்கொண்டால் இறங்கி வாரியெடுப்பது வீரன் வேலை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி வண்டி அவன் உடலோடு மலைக்கு வந்தது. நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் லாரி இடித்துவிட்டது என்றார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. குளிப்பாட்டும்போது சீயக்காயை மூன்று தடவை தேய்த்தும் தலைமுடியில் பிசுக்கு போகவில்லை. காதுக்குள் கெட்டியாக எண்ணெய் அடைத்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. இறங்கி வந்து கேட்கத் தெம்பும் இல்லை, ஆளும் இல்லை.

அடக்கம் முடிந்தும் அவன் உயிர் வீடு வந்து சேரவில்லை. அதுதான் அவளைத் தின்றது. அவர்கள் வழக்கத்தில், வெளியே உயிர் விட்டவனை அந்த இடத்துக்கே போய் அழைத்து வர வேண்டும். அங்கே ஒரு பிடி சாமைச் சோறு வைத்து, கூடப் பிறந்தவன் மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அங்கிருந்தே ஒரு கல்லை எடுத்துப் பெண்டாட்டி மடியில் கட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேர வேண்டும். கம்பெனிக்காரர்கள் காட்டிய பாலத்தடியில் அதையெல்லாம் செய்தார்கள். வீரனின் தம்பி முருகேஷ்தான் கூப்பிட்டான். கல்லும் வந்தது. ஆனால் கடைசி பஸ் வரும் நேரத்துக்கு நாய் இன்றும் எழுந்து நிற்கிறது. வாலை ஆட்டிக்கொண்டு வேலி வரை ஓடுகிறது. அங்கே யாருமில்லாத தடத்தைப் பார்த்து முனகிவிட்டுத் திரும்பி வந்து படுக்கிறது. அந்த நேரத்தில் வீடு முழுக்கக் கருகின எண்ணெய் வாடை அடிக்கும். கனவில் அவன் வாசலுக்கு வெளியே தலை சொட்டச் சொட்ட நிற்பான். உள்ளே வா என்றால், வழி தெரியவில்லை என்பான்.

“அண்ணி, இன்னும் இங்கயேதான் ஒக்காந்திருக்கீங்களா?”

முருகேஷ். சிவப்புச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அண்ணன் செத்த அடுத்த மாதமே அவனை நிரந்தரமாக்கி, கண்ணாடிக் கூண்டில் பேர் கூப்பிடுகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் இதே வீதியில் மேஜை துடைத்தான்.

“எனக்கு அர மணி நேரந்தான் பிரேக்கு. வாங்க, சாப்புட்ருங்க. அந்த மொத கடையில நூடுல்ஸு நல்லாருக்கும். பஞ்சாபி கடையிலன்னா ரொட்டி, பன்னீரு. எது வேணுங்க?”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

“சாப்பாட்டுல பாக்கறதுக்கு என்ன அண்ணி இருக்குது?”

அவள் எழுந்து நடந்தாள். கையிலிருந்த துணிப்பை காலியாகத் தொங்கியது. காலையில் ஆக்கிக் கட்டி வந்த சாமைச் சோற்றை வாசலிலேயே செக்யூரிட்டி பிடுங்கிக்கொண்டான். வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாதாம்.

ஓட்டல்களுக்கு முன்சுவர் கிடையாது. வீதியில் நின்றே சமையலறைக் கதவு வரை பார்க்கலாம். முதல் கடையில் ஒரு பையன் நாலு தட்டுகளோடு கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தான். பாயை மிதித்தான். அடியிலிருந்த இரும்பு மூடி டங்கென்றது. பின்னால் வந்தவளும் மிதித்தாள். டங். தேன்மொழி பத்துப் பேர் போய் வரும் வரை நின்றாள். ஓட்டல் வாசலில் இப்படி வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள்.

இரண்டாவது கடையிலும் டங். மூன்றாவதில் பீட்சா, அங்கேயும் டங். நாலாவதில் ஒரு கிழவி கூட்டித் தள்ளிக்கொண்டே மூடியின் மேல் நின்று இடுப்பை நிமிர்த்தினாள். ஐந்தாவதில் மூடி கொஞ்சம் ஆடியது, டங்குடங்கென்று இரண்டு சத்தம் வந்தது.

“இதுவே நல்ல கடைங்க அண்ணி. பிரியாணி. வாங்க, இங்கயே ஒக்காரலாம்” என்று முருகேஷ் அவள் முன்னால் வந்து நின்றான்.

“அந்தக் கடைசிக் கடை?”

“அதுல என்ன இருக்குது? சாமச் சோறும் கீரக் கொழம்புந்தான். நம்ம வூட்டுல திங்காத சாமையா?”

கடைசிக் கடைக்கு ‘மலைக்குடில்’ என்று பெயர். மூங்கில் தட்டி, புல்வேய்ந்த கூரை, வாசலில் ஒரு ஆட்டுக்கல். அப்படியே அவள் வீடு. மேலே மின்விசிறிகளும் நாலு நாலு பேர் உட்காரும் மேஜைகளும் மட்டும் கூடுதல். தன் வீட்டுக்கு வெளியே தானே காத்து நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

சமையலறைக் கதவு திறந்தது. ஒரு பெண் தட்டுகளோடு வந்தாள். பாய்க்கு ஒரு அடி முன்னால் இடப்பக்கம் ஒதுங்கி, பானை அடுக்கைச் சுற்றிக்கொண்டு மேஜைக்குப் போனாள். சத்தம் வரவில்லை. அடுத்து ஒரு ஆள், தலைக்கு மேல் தட்டு. அவனும் சுற்றிக்கொண்டு போனான். பரிமாறுகிறவர்கள், எச்சில் எடுக்கிறவன், பெருக்கித் துடைக்கிறவள் எல்லோரும் நாலு எட்டில் போக வேண்டிய இடத்துக்குப் பத்து எட்டு வைத்தார்கள். யாரும் குனிந்து பார்க்கவில்லை. அவர்கள் கால்களுக்கே தெரிந்திருந்தது. சாப்பிட வந்தவர்கள் மட்டும் அதன் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

தேன்மொழிக்கு அழுகை வரவில்லை, ஐந்து மாதமாகத் தேடியது கிடைத்துவிட்ட ஒரு பயங்கர நிம்மதி வந்தது. நேராகப் போய் சீட்டை நீட்டினாள். பச்சைச் சீட்டுக்குக் காத்திருப்பு இல்லை; வாசலில் நின்ற பெண் ஓட்டை போட்டாள்.

பாய்க்குப் பக்கத்து மேஜையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். முருகேஷ் சுவரோரமாகவே வந்து சமையலறைக் கதவுப் பக்கம் நின்றான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் அந்தப் பாய் கிடந்தது.

“முருகேஷு, அங்கிருந்து தண்ணி கொண்டா.”

அவன் செம்பை எடுத்தான். இடப்பக்கம் திரும்பினான்.

“சுத்தாத. நேரா வா.”

அவன் பாயின் விளிம்பு வரை வந்தான். பூட்ஸ் கால் ஒன்று உயர்ந்தது. மறுபடி இறங்கிவிட்டது. செம்பிலிருந்து தண்ணீர் தளும்பிப் பாயில் விழுந்தது.

“வரமுடியலீங்க அண்ணி” என்றான்.

“இங்கதானா?”

அவன் அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஏதோ துடைக்கிறவன் மாதிரி பாயின் ஈரத்தைக் கையால் தேய்த்தான்.

“ஞாயித்துக்கெழம மத்தியானம். நல்ல கூட்டம். தொட்டி அடச்சுக்கிட்டு தண்ணி மேல வந்துருச்சு. கூட்டம் போவட்டும்னு அண்ணன் சொல்லுச்சு. மேனேஜரு பூவரசன் சாரு கேக்கல, எறங்குன்னாரு. எறங்குனதும் வாட கெளம்பிருச்சு. சாப்புட்டுக்கிட்டு இருந்தவங்க மூக்கப் புடிச்சுக்கிட்டு சத்தம் போட்டாங்க. மூடியப் போடுறா, அஞ்சு நிமிசந்தானன்னாரு.”

“போட்டது யாரு?”

அவன் தலை நிமிரவில்லை. “நான்தாங்க.”

பக்கத்து மேஜையில் யாரோ இன்னொரு அப்பளம் கேட்டார்கள்.

“மூணு தடவ தட்டுச்சு அண்ணி. சாரு போவட்டும், தொறக்கலாம்னு நின்னேன். அப்பறம் தட்டல. இப்பவும் பாத்தரம் கழுவறவங்களுக்கு அடியில தட்டற சத்தம் கேக்குதாம். எனக்குக் கூண்டுக்குள்ளயும் கேக்குது.”

தேன்மொழி அவனையே பார்த்தாள். அந்த நிமிஷம் அவன் குரல்வளையைப் பிடித்து நெரித்திருப்பாள். அவ்வளவு ஆத்திரம். ஆனால் வீரனுக்குக் கூடப் பிறந்தவன் இவன் ஒருவன்தான். இவன் செத்தாலும் கெட்டாலும் கூப்பிட வேறு வாய் இல்லை.

சாமைச் சோறு வந்தது, வாழையிலை நறுக்கில் குட்டி மலையாகக் குவித்து. மேலே ஒரு கறிவேப்பிலைக் கொழுந்து அழகுக்கு. அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஒரு பிடி சோற்றை உருட்டினாள். இறங்கித் தரையில் உட்கார்ந்து, பாயின் ஓரத்தைத் தூக்கி, மூடியின் விளிம்பில் வைத்தாள். விளிம்பைச் சுற்றிப் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தது. ஒரு இடத்தில் விரிந்திருந்தது. கொண்டை ஊசியால் நெம்பினாள். சிமெண்டோடு ஒட்டிய ஒரு ஜல்லிக்கல் கையோடு வந்தது.

“கூப்புடு.”

“இங்கயா? எல்லாரும் பாக்கறாங்க. வேல போயிருமுங்க அண்ணி.”

“நான் அவுரு பேரச் சொல்லக் கூடாது. நீதான் கூப்புடணும். அன்னிக்குப் பாலத்துக்கிட்ட தொண்ட கிழியக் கூப்புட்டியே, அங்க இல்லன்னு தெரிஞ்சுதான கூப்புட்ட? அந்த வாயால இப்பக் கூப்புடு.”

முருகேஷ் எழுந்தான். அவளைப் பார்க்காமல் பானை அடுக்கைச் சுற்றிக்கொண்டு வீதியில் இறங்கி வேகமாக நடந்தான். போய்விட்டான். தேன்மொழி கல்லைக் கைக்குள் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை தூரம் வந்தும் இவ்வளவுதானா என்றிருந்தது. யாரோ ஒரு அம்மாள், கீழே என்ன விழுந்துவிட்டது என்று இரக்கமாகக் கேட்டாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“வீரன், ஒரு ஆள்.”

தினமும் கூப்பிடுகிற அதே குரல். பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் பெயர் இல்லை என்று மறுபடி போனைப் பார்த்தார்கள். மலைக்குடிலில் தட்டு ஏந்தி வந்தவர்கள் இருந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். சமையலறைக் கதவு திறந்து, ஈரக் கையோடு பாத்திரம் கழுவுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“வீரன்... ஒரு ஆள்.”

ஒரு சின்னப் பெண், யாரம்மா வீரன் என்று கேட்டுச் சுற்றிலும் தேடினாள். எச்சில் எடுக்கிறவன் தலையில் மாட்டியிருந்த வலைத் தொப்பியைக் கழற்றினான்.

மூன்றாவது அழைப்பு உடனே வரவில்லை. யாரோ மூச்சு வாங்குவது வீதி முழுக்கக் கேட்டது.

“வீரண்ணா, வூட்டுக்கு வா.”

தேன்மொழி கல்லை மடியில் செருகி முடிந்தாள். எழுந்தாள். இனி வீடு போகும் வரை வாய் திறக்கக் கூடாது, திரும்பக் கூடாது. முதல் எட்டு வைத்தபோது காலுக்குப் பக்கத்தில் கருகின எண்ணெய் வாடை எழுந்தது. அடுத்த எட்டிலும் கூடவே வந்தது. அவளுக்குப் பயமாக இல்லை.

வாசலைத் தாண்டுவதற்குள் ஒலிபெருக்கியில் ஏதோ தள்ளுமுள்ளு கேட்டது. பிறகு வேறொரு குரல். “எந்த வீரன்? லிஸ்டுலயே இல்லியேப்பா. எந்திரி, வெளிய போ. பிரியதர்ஷினி, நீ ஒக்காரு. அடுத்தத கூப்புடு.”

“மாதவராஜ், அஞ்சு பேர். மாதவராஜ், அஞ்சு பேர்.”

மூன்றாம் முறை கூப்பிடுவதற்குள் அந்தக் குடும்பம் அவளை உரசிக்கொண்டு உள்ளே ஓடியது. அவள் விட்டு வந்த மேஜைக்குத்தான். அது நாலு பேர் மேஜை. ஐந்தாவது ஆளுக்கு ஒரு நாற்காலியைத் தாங்களே இழுத்துப் பாயின் மேல் போட்டுக்கொண்டார்கள்.

அவளுக்குப் பின்னால் இரும்பு மூடி டங்கென்றது. தேன்மொழி மடியை இறுகப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.