ஒரு ஸ்பூன் சர்க்கரை

பெரார்கஞ்சில் கிளமெண்ட் வாங்கிய அரை ஏக்கரில் பாக்குக் கன்று நிற்கவில்லை. பழைய சொந்தக்காரன் புதைத்த பூச்சிமருந்து டிரம்கள் மண்ணுக்குள் துருப்பிடித்துப் போயிருந்தன. அடுத்த மழைக்கு மருந்து கிணற்றில் இறங்கிவிடும்.

அந்த மண்ணில் ஒரு பிடியைத்தான், தான் உதவியாளனாக வேலை பார்க்கும் சிப்பிகாட் ஆய்வுக்கூடத்தில் குடுவையிலிட்டு வளர்த்தான். மண்ணிலிருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தின்ன அந்த மருந்து மட்டும்தான்; அதைத் தின்னப் பழகிவிட்டால் நிலம் சுத்தமாகும். அவை கோடி கோடியாகச் செத்தன. ஒன்று இரண்டாகப் பிரியும்போது மரபணு நகலில் பிழை விழும். பிழை பெரும்பாலும் கொல்லும். எப்போதோ ஒரு பிழை மட்டும் விஷத்தைக் கடித்துப் பார்த்தது, பிழைத்தது. வாரம் ஒரு சொட்டாகப் புதுக் குடுவைக்கு மாற்றி எட்டு மாதம் ஓடியது. மழைக்கு முன் நிலத்தில் ஊற்றிப் பார்க்கலாம் என்று அதிகாரி வைஜெயந்தியும் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் பூசை முடிந்து ஆய்வுக்கூடம் வந்தவன் குடுவையைப் பார்த்தான். தான் நாற்பது நாள் நோன்பிருந்தான். இதுகள் எட்டு மாதம். மனசு கேட்கவில்லை.

மறுநாள் குடுவை பால்போல் வெளுத்திருந்தது.

"என்ன போட்டீங்க?" என்று கேட்டார் வைஜெயந்தி.

"சர்க்கரை, மேடம். ஒரே ஸ்பூன். நேத்து ஈஸ்டர்..."

"அரே பாகல்! பைத்தியமா உங்களுக்கு? கேக் வெட்டலையா?"

"தீந்துபோச்சு, மேடம்."

"சர்க்கரை கெடைச்சா விஷத்த யாரு சீண்டுவா? அந்த வித்தைய மறந்ததுதான் வேகமா பெருகும். இப்ப உள்ள இருக்கறது சோம்பேறிக் கூட்டம். கொட்டிடுங்க."

அவன் கொட்டவில்லை. ஒரு சொட்டை மட்டும் விஷக் குடுவைக்கு மாற்றினான். உள்ளே ஏதாவது பெருகினால் நீர் கலங்கும். நீர் தெளிவாகவே கிடந்தது. ஒரு நாள், நான்கு நாள், எட்டு நாள்.

மதியங்களில் குடுவையாட்டும் இயந்திரத்தின் முனகலில் கண் சொக்கும். கனவில் அவனும் குடுவைக்குள் இருப்பான். பாராடாங் படகுக்கு நிற்பதுபோல் பெருங்கூட்டம், கையில் தட்டோடு. சர்க்கரை வரும் என்று நின்றபடியே கரைந்துபோகும். மூலையில் ஒருத்தி மட்டும் யாரையும் பார்க்காமல் துருப்பிடித்த டிரம்மைக் கடித்துக்கொண்டிருப்பாள். பல் உடையும் சத்தத்தில் விழித்துக்கொள்வான்.

பதினோராம் நாள் வெளியே வானம் இருட்டியது. குடுவை மங்கலாகத் தெரிந்தது. வைஜெயந்தி குடுவையின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். மங்கல் உள்ளே இருந்தது.

சர்க்கரை டப்பாவைத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

"அப்ப டீக்கு, மேடம்?"

"விஷம் இருக்கே, குடிங்க. பழகிடும்."