மேட்டில் திட்டியவள்

அவள் திட்டுவதை நிறுத்தியபோதே அவன் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் அல்ல, வீட்டில் அவள் திட்டு என்றைக்கும் குறைந்ததில்லை. மலையில். செங்குத்தான ஏற்றத்தில் ஓடிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் மூச்சிரைக்க வரும் புருஷனை முழு முழு வாக்கியமாகத் திட்டிக்கொண்டு போகிற ஒருத்தி திடீரென்று ஊமையானால் கழுதைக்குக்கூடச் சந்தேகம் வரும். இவனுக்கு வரவில்லை. இவனுக்கு வந்தது சந்தோஷம். அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவள் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் அவனை மடையன் என்கிறேன். இன்றைக்கு அவனைக் கேட்டால் அவனும் அதையேதான் சொல்வான்.

அவன் லிப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஓட்டல் என்று ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றிவிடுவது அவன் பிழைப்பு. குடியிருப்பதோ லிப்ட் இல்லாத கட்டடத்தில், நாலாவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. அவளுக்கு ஒரு பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிற வேலை. நாள் முழுக்க ஆவிக்கு நடுவே நின்று ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்துத் தேய்த்து மடித்து, கால் இரண்டும் கல்லாகிவிட்டது என்பாள். பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு, ஊர் எல்லையில் இருக்கும் மலைப்பாதையில் ஓடுகிற ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். தனியாகப் போகிறாளே என்று பின்னாலேயே போனவன் அவன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ‘ஆடு’ என்றும் அவனுக்கு ‘மூட்டை’ என்றும் கூட்டத்தில் பெயர் விழுந்துவிட்டது. ஆடு தாவித் தாவி ஏறியது. மூட்டையை யாரோ முக்கி முனகிச் சுமந்து ஏற்றுகிற மாதிரிதான் இருந்தது.

அந்தக் கூட்டத்தைப் பழக்கியவர் ஒரு டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விரட்டியது போதாதென்று விடுமுறை நாளில் பெரியவர்களை விரட்டுகிறவர். அவர் சொன்னதெல்லாம் எளிய விஷயம்தான். மேட்டில் எட்டி வைக்காதே, குட்டி குட்டி அடியாக வை. உச்சியைப் பார்க்காதே, பார்த்தால் மனசு விட்டுப்போகும். காலுக்கு முன்னால் இருக்கிற தரையைப் பார். இடுப்பில் மடங்காதே, கணுக்காலிலிருந்து மொத்த உடம்பும் சாயட்டும். ரொம்பவும் செங்குத்தாக வந்துவிட்டால் தொடையில் கையை ஊன்றி நட. மலையில் நடப்பது வெட்கமில்லை, சுருண்டு கிடப்பதுதான் வெட்கம். அடிவாரத்தில் புலியாகப் பாய்கிறவன் பாதியில் எலியாவான் என்பதை மட்டும் ஒரு வாரம்கூட அவர் சொல்லாமல் விட்டதில்லை.

இன்னொரு கட்டளையும் உண்டு. பயிற்சியில் கடிகாரம் கூடாது. கைக்கடிகாரத்தையும் போனையும் அடிவாரத்திலேயே மாஸ்டரின் பையில் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் சேறு, ஒரு நாள் எதிர்காற்று, மலையில் நேரம் பார்த்து ஓடுகிறவன் நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்வான் என்பது அவர் கட்சி. கடிகாரத்துக்குப் பதில் வாய். ஏறும்போது ஒரு வாக்கியத்தைத் தடங்கல் இல்லாமல் முழுசாகப் பேச முடிந்தால் வேகம் சரி. துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறை. இதற்காகவே ஆளுக்கொரு வாக்கியம் வைத்திருந்தார்கள். பேக்கரிக்காரர் ஒருவர் தன் கடை விலாசத்தை ஒப்பிப்பார். அவள் வாக்கியம் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. அதற்குத்தான் புருஷன் இருந்தானே.

“அடுப்ப அணைச்சீங்களான்னு கேட்டா அணைச்சேன்னு தலையாட்டுறீங்க, போய்ப் பார்த்தா எரிஞ்சுகிட்டு இருக்கு, இந்தத் தலைய நம்பி ஊர்க்காரங்க எப்படித்தான் லிப்டுல ஏறுறாங்களோ தெரியல” என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு செங்குத்தில் ஏறுவாள். பின்னால் வருகிறவர்கள் சிரித்துச் சிரித்து அடி தப்புவார்கள். பதில் சொல்ல அவனிடம் வார்த்தை இருந்தது, மூச்சுதான் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஏறுவான்.

கடிகாரம் இல்லாததால் அவன் அவளையே அளவுகோலாக வைத்துக்கொண்டான். தண்ணீர்த் தொட்டி வளைவில் அவள் முதுகு தெரிகிறதா, ஒற்றைப் பாறை வரைக்கும் அவள் குரல் கேட்கிறதா, அதை வைத்துத்தான் இன்றைக்கு நன்றாக ஓடினோமா இல்லையா என்று முடிவுகட்டுவான். பெரும்பாலும் முதுகும் தெரியாது, குரலும் கேட்காது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வந்தீர்களா, நான் ஒரு தூக்கம் போட்டுவிட்டேன் என்பாள்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்த மலையில் பந்தயம் நடக்கும். இந்த வருஷப் பந்தயத்துக்கான பயிற்சி மழைக்காலம் முடிந்ததும் ஆரம்பித்தது. ஆரம்பித்த சில வாரங்களிலேயே தண்ணீர்த் தொட்டி வளைவில் அவனுக்கு அவள் முதுகு தெரிந்தது. பிறகு ஒற்றைப் பாறை வரைக்கும் தெரிந்தது. பிறகு ஒரு நாள், நம்ப மாட்டீர்கள், மூட்டை ஆட்டைத் தாண்டிப் போய்விட்டது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அது அவனுக்காகவே சொன்னது. உச்சியில் நின்றுகொண்டு, கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தவளுக்குக் கையை நீட்டினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எதிலாவது ஒன்றில் அவளுக்கு முன்னால் போய் நின்று கை நீட்டுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அழுகையே வந்துவிட்டது.

காரணமும் கைவசம் வைத்திருந்தான். லிப்டைப் பழுது பார்க்க நிறுத்திவிட்டால் மெக்கானிக் படியேறித்தானே ஆக வேண்டும். கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குட்டி குட்டி அடியாக ஏறுகிறேன், படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன், அதுதான் காலுக்கு வந்த பலம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். பேக்கரிக்காரர் மறுநாளிலிருந்து மாவு மூட்டையைச் சுமந்துகொண்டு தன் கடை மாடிக்கு ஏறி இறங்க ஆரம்பித்தார்.

அதோடு விட்டானா, அவளுக்கே வாத்தியாராகிவிட்டான். உன் அடி நீளம், அதுதான் இளைக்கிறது என்றான். நீ இடுப்பில் மடங்குகிறாய், மூச்சுக்கு இடமே இல்லை என்றான். அவன் சொன்னதையெல்லாம் அவள் கேட்டாள். அடியைக் குறைத்தாள், நிமிர்ந்தாள், தொடையில் கையை ஊன்றி நடந்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. திட்டே நின்றுபோயிற்று. தோற்ற கோபம், உம்மென்று வருகிறாள் என்று அவன் மற்றவர்களிடம் கண்ணடித்தான். அவர்களும் சிரித்தார்கள். வாக்கியம் உடைந்தால் வேகத்தைக் குறை என்று பாடமாகப் படித்த அத்தனை பேரும், ஒருத்தியின் வாக்கியம் முழுசாகக் காணாமல் போனதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு வளைவிலும் அவள் குனிந்து ஷூ கயிற்றைத் தொட ஆரம்பித்தாள். கயிறு அவிழ்ந்துபோகிறது என்று அவன் நினைத்தான். நல்ல புருஷன் அல்லவா, புதுக் கயிறு வாங்கி வந்து மாட்டி, பயிற்சிக்குக் கிளம்பும் முன் தானே உட்கார்ந்து இரட்டை முடிச்சாக இறுக்கிப் போட்டுவிட்டான். வீட்டு மாடிப்படியில் இரண்டாவது மாடி வந்ததும் அங்கே குடியிருக்கும் தையல்கார அம்மாவிடம் நின்று பேசிவிட்டு வருகிறேன் என்பாள். இந்தப் பேச்சு மட்டும் குறையவில்லை என்று அலுத்துக்கொண்டு பையை வாங்கிக்கொண்டு மேலே போவான். படுக்கையில் இன்னொரு தலையணை கேட்டாள். கழுத்து வலி என்றாள். கொடுத்தான்.

பந்தயத்தன்று காலையில் வெயில் இதமாக இருந்தது. பாதையும் காய்ந்து நல்லபடியாக இருந்தது. அடிவாரத்திலேயே அவளை விட்டுவிட்டு அவன் போய்விட்டான். குட்டி அடி, சாய்வு, கை வீச்சு, எல்லாம் மாஸ்டர் சொன்னபடி. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டில் திரும்பிப் பார்த்தால் தாளம் கெட்டுவிடும் என்று அதற்கும் ஒரு பாடம் இருந்தது.

உச்சியில் முடிவுக்கோட்டைத் தாண்டியதும் கையைத் தூக்கிக்கொண்டு நேரம் போடுகிற பலகைக்கு ஓடினான். தன் நேரத்தைப் பார்த்தான். போன வருஷத்து நேரம் அவனுக்கு மனப்பாடம். இது அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. மெஷின் தப்பு என்று மேஜைக்காரனிடம் சண்டைக்குப் போனான். மேஜைக்காரன் பொறுமையாக மற்றவர்கள் நேரத்தையும் காட்டினான். எல்லாருக்கும் வழக்கமான நேரம்தான். மாஸ்டர் வந்து அவன் முதுகில் தட்டினார்.

“போன வருஷம் மாதிரியேதான் வந்திருக்கே. இந்த வயசுல அது போதும்பா.”

போன வருஷம் மாதிரியே. அவன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான். படி ஏறியது, குதிகாலைத் தூக்கியது, ஒன்றும் அவனை ஒரு விரற்கடைகூட முன்னால் தள்ளவில்லை. அவன் அதே மூட்டைதான். அப்படியென்றால் இத்தனை மாதமாக வளைவுக்கு வளைவு மாறியது எது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யார் தடுத்தும் கேட்காமல், ஏறி வருகிறவர்களை இடித்துக்கொண்டு, வந்த வழியிலேயே கீழே ஓடினான்.

ஒற்றைப் பாறைக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். பேக்கரிக்காரர் தன் பந்தயத்தை விட்டுவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார். உதடு வெளிறி நீலம் பாரித்திருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் ஏதோ சொல்ல வந்தாள். காற்றுத்தான் வந்தது. இறக்கிக்கொண்டு போகும்போது அவளுடைய எடை அவனுக்குத் தெரியவே இல்லை.

கொண்டுபோன ஆஸ்பத்திரியின் லிப்டுக்கு மாதாமாதம் எண்ணெய் போடுகிறவன் அவன்தான். அதே லிப்டில் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனான். மேலே நர்ஸ் அவள் ஷூவைக் கழற்றப் பார்த்தாள். இரட்டை முடிச்சு அசையவில்லை. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். பாதம் இரண்டும் வீங்கிப் பளபளத்தன, கயிறு அழுத்திய தடம் பள்ளமாக இருந்தது. வளைவுக்கு வளைவு அவள் குனிந்தது கயிற்றைக் கட்டுவதற்கு இல்லை, தளர்த்துவதற்கு. அதன் மேல்தான் அவன் வாராவாரம் முடிச்சுப் போட்டிருந்தான்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. இதயத் தசை வீங்கி, தளர்ந்துபோய், பாதி வேலைகூடச் செய்யவில்லை என்று படம் போட்டுக் காட்டினாள். எப்போதிலிருந்து இளைக்கிறது என்று கேட்டதற்கு, மழைக்காலத்திலிருந்து என்று அவள் படுக்கையிலிருந்தே சொன்னாள். டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பவே வந்திருந்தா நெறைய செஞ்சிருக்கலாம். இப்ப மாத்திரை தர்றோம். எவ்வளவு நாளைக்குன்னு நான் சொல்ல முடியாது.”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவன் அதைத்தான் செய்தான். மாத்திரை வேளை தவறாமல் கொடுத்தான், உப்பில்லாமல் சமைத்தான், ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் நேற்றைக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் மட்டும் தாங்க முடியாமல், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டுவிட்டான். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம்... நீங்க மேல நின்னு கைய நீட்டுவீங்க. மூஞ்சி... அவ்ளோ சந்தோஷமா இருக்கும். கெடுக்க மனசு வரல.”

அவன் எழுந்து வெளியே போய், தான் பழுது பார்க்கிற அந்த லிப்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். யாரோ கீழே பொத்தானை அழுத்த, லிப்ட் அவனை அழ அழக் கீழே கொண்டுபோய் விட்டது.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் நாலு மாடி அவர்களுக்காகக் காத்திருந்தது. கீழ்த்தளத்தில் வீடு தேடிக்கொண்டிருந்தான், இன்னும் கிடைக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவள் முதல் படியில் கால் வைத்தாள். மேலே பார்க்கவில்லை. காலுக்கு முன்னால் இருக்கிற படியை மட்டும் பார்த்தாள். குட்டி அடி. தொடையில் கை. மாஸ்டர் பார்த்திருந்தால் குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. இரண்டாவது மாடியில் தையல்கார அம்மா கதவைத் திறந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். இத்தனை நாளும் அவள் அங்கே நின்றது பேசுவதற்கு இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத்தான் தெரியவில்லை.

உட்கார்ந்து எழுந்து மறுபடி ஏறினார்கள். அவன் ஒரு படி கீழே, அவளுக்குப் பின்னாலேயே வந்தான். இனி எந்தக் காலத்திலும் முன்னால் போவதில்லை என்று தீர்மானித்திருந்தான். நடுப்படியில் அவள் நின்றாள். கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அவனுக்கு என்ன தோன்றியதோ, கெஞ்சுகிற குரலில் கேட்டான்.

“திட்டேன். ஒரே ஒரு வாக்கியம்.”

அவள் திரும்பாமலே சிரித்த மாதிரி இருந்தது. தோள் மேலேறி இறங்கியது.

“உங்க தலைய... நம்பி...”

அவ்வளவுதான். அவன் மீதிக்காகக் காத்திருந்தான். ஒற்றைப் பாறை வளைவிலும் தண்ணீர்த் தொட்டியிலும் எத்தனையோ வருஷம் எட்டிப் பிடிக்கத் தவித்த அந்த முதுகு, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. முதுகு நகரவில்லை. மேலே இன்னும் படிகள் இருந்தன.