பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை

1
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. பதுளையில் இன்பாஸின் கம்ப்யூட்டர் கடைக்குப் பிரிண்டர் மை வாங்கப் போய், ஒட்டுக்கேட்டு வந்தது. மையை மறந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: மூடுபனி போர்த்திய லுணுகலை மலைச்சரிவில் ஒரு—

வேண்டாம். மூடுபனி இல்லாமல் ஒரு மலையகக் கதை எழுத முடிகிறதா பார்ப்போம்.

இரண்டாவது: தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கம்பெனிக்கு வேலைசெய்யும் நிரஞ்சலாவின் லேப்டாப், திங்கள் காலை, “சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை” என்றது. வெள்ளி காலை எட்டரைக்குள் கம்பெனி சர்வருக்குள் நுழையாவிட்டால் லேப்டாப்பையும் வேலையையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஆபிஸுக்கே வந்து வேலைசெய்யலாம்தான், ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையோடு கொழும்பில் குடியேற அவளால் ஆகாது.

(இது பரவாயில்லை.)

2
கம்பெனி உதவிப் பிரிவின் முன்ஸிப், முறைப்பாட்டை உள் இணையதளத்தில் பதியச் சொன்னான். அந்தத் தளம்தான் திறக்கவில்லை என்றாள். அதையும் அங்கேயே பதியச் சொன்னான்.

[இவனை வில்லனாக்கப் பார்த்தேன். பாவம், எதிரே ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து வாசிக்கிறவன். விட்டுவிட்டேன்.]

செவ்வாய், லேப்டாப்பைக் கொழும்புக்கே தூக்கிப் போனாள். ஆபிஸுக்குள் அது சமர்த்தாக வேலைசெய்தது. “பழுது எதுவும் இல்லை” என்று எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்தார்கள்.

3
புதன்கிழமை, லேப்டாப்போடு கடைக்கு வந்தவளுக்கு இன்பாஸ் விளக்கினார்.

“தங்கச்சி, எந்தப் பேரக் குடுத்தாலும் இது ஒங்கட ஆபிஸுக்குள்ள இருக்கிற பட்டியலத்தான் கேக்குது. வெளிய இருந்து அத எட்ட ஏலா. எட்டணும்டா ஆபிஸோட இணையணும். இணையிறதுக்கு ஆபிஸ்ட பேர அந்தப் பட்டியல்லதான் தேடணும்.”

லேப்டாப்பின் அமைப்பை மாற்றலாமென்றால் கம்பெனி பூட்டு போட்டிருந்தது. பெயருக்குப் பதிலாக ஆபிஸ் சர்வரின் இலக்கத்தைக் கொடுத்தால் நேராகப் போய்விடலாம் என்றார். இலக்கம் இரகசியம், போனில் சொல்லக்கூடாது என்ற முன்ஸிப், அதை உறையிலிட்டுக் கூரியரில் அனுப்பினான். வியாழன் நண்பகல், “ஒப்படைக்கப்பட்டது” என்று செய்தி வந்தது.

யாரிடம்?*

* லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாம் தோட்ட ஆபிஸுக்குத்தான் வரும். காலையில் பெயர் வாசித்து வேலை பிரிக்கும் பெரட்டில் கிளாக்கர் கடிதங்களைக் கொடுப்பார்.

4
தோட்ட ஆபிஸுக்கு ஓடினாள். கிளாக்கர் பெரட்டுப் பட்டியலைப் புரட்டினார். பெரட்டில் பெயர் இல்லாதவர்களுக்குக் கடிதம் கொடுக்கும் வழக்கமில்லை என்றார். உறை மேசையிலேயே கிடந்தது.

“நான் இந்த லயத்துலயே பொறந்தவங்க. என்னையத் தெரியாதுங்களா?”

“தெரியும்மா. பட்டியல்ல இல்லியே.”

சிரிக்கவைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்தில் எனக்கே கோபம் வந்துவிட்டது.

5
முடிவு அ: கிளாக்கர் மனமிரங்கி— (நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: லேப்டாப்பை அவள் தேயிலைக்குள் வீசி— (கம்பெனிச் சொத்து.)

முடிவு இ: வெள்ளி காலை ஆறரை. அம்மா அங்கம்மாவின் பக்கத்தில், ஒரு பழைய கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு நிரஞ்சலா பெரட்டில் நிற்கிறாள். கிளாக்கரின் ஒரு கையில் உறை, மறு கையில் பட்டியல்.

வீரய்யா.
பாக்கியலெட்சுமி.
அங்கம்மா.

அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அங்கே அவள் பெயரை எழுதினால் உறை கைக்கு வரும். ஆனால் பெயர் விழுந்தவள் அங்கிருந்தே கொழுந்து பறிக்க மலைக்குப் போயாக வேண்டும். எட்டரைக்கு அவள் தேயிலைக்குள் நிற்பாள். எழுதாவிட்டால் எட்டரைக்கு வீட்டில் இருப்பாள், இலக்கம் இல்லாமல்.

என்ன செய்யலாமென்று முன்ஸிப்பைக் கேட்டுப் பார்த்தேன். உள் இணையதளத்தில் பதியச் சொன்னான்.

ஆகவே உங்களிடம் வருகிறேன். அவள் கூடையோடு நிற்கிறாள். பேனா இதோ.

____________