கொடிமரத்தை அறுத்த ஞாயிறு

தஞ்சோங் கிளிங் மாதா கோயில் வாசலில் அன்று ஓடிய ரத்தத்தைக் கடலில் விட்டிருந்தால், சுமாத்ரா சுறாக்களெல்லாம் குடும்பத்தோடு கிளம்பி வந்திருக்கும். நான் ஏற்றிச் சொல்கிறேன் என்பார்கள். ரிட்டயரான மனுசன் நான். ஒரு நல்ல அடிதடியைக் குறைத்துச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

எல்லாம் கொடிமரத்தால் வந்தது. திருவிழாவுக்கு நாங்கள் கொடியேற்றும் மரம், ஒரு பழைய கப்பலின் பாய்மரம். ஐரோப்பாவின் பனிநாட்டில் வளர்ந்த பைன். அதைக் கரையிலிருந்து கோயிலுக்கு இழுத்து வந்தவர் என் பூட்டன் என்பான் மிக்கேல்ராஜ். இல்லை, என் பூட்டன்தான் என்பான் சாமுவேல். இருவரும் மச்சான்மார்; சாமுவேலின் தங்கை அக்னஸைத்தான் மிக்கேல்ராஜ் கட்டியிருக்கிறான். கொடிக்கயிற்றை முதலில் யார் தொடுவது என்று வருசாவருசம் ஒரு சட்டையாவது கிழியும்.

இந்த வருசம் இரும்புக் கம்பம் வந்தது. பழைய மரத்தைச் சாய்த்தார்கள். "மேல்பாதி மிக்கேல்ராஜுக்கு, கீழ்பாதி சாமுவேலுக்கு" என்று தீர்ப்புச் சொன்ன ஃபாதர், பூசை முடிந்த கையோடு காரேறிப் பறந்துவிட்டார். புத்திசாலி.

மிக்கேல்ராஜின் மகள் கிளாரிசா யூனிவர்சிட்டியில் மர வளையங்களை ஆராய்கிறவள். பனிநாட்டு மரம் வருசத்துக்கு ஒரு வளையம் போடுமாம். கோடை நன்றாக இருந்தால் அகலமாக, குளிர்ந்தால் மெலிசாக.

"ஆயிரத்து எண்ணூத்திப் பதினஞ்சுல சும்பாவா தீவுல தம்போரா எரிமலை வெடிச்சது அங்கிள். அந்தக் கந்தகப் புகை மேல போயி வெயில மறைச்சிருச்சு. அடுத்த வருசம் ஐரோப்பாவுல கோடையே வரல. அந்தக் குளிரு இந்த மரத்துக்குள்ள இருக்கணும்."

"அடேயப்பா! நம்ம பக்கத்து மலை வெடிச்சு, அங்கே நின்ன மரம் இளைச்சுப் போச்சா?" என்றேன்.

"ஆமாலா. எனக்கு ஒரே ஒரு வட்டத்துண்டு கிடைச்சாப் போதும்."

கிடைப்பதுதான் கஷ்டம். அடியைக் கரையான் தின்றிருந்தது. மற்ற இடமெல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா நாங்கள் பக்தியோடு சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்ததில் வெளி வளையங்கள் போயே போய்விட்டன. நட்டநடுவில் ஒரு சாண் மட்டும் பிழைத்திருந்தது. அங்கே ஒரு சிலுவை செதுக்கியிருந்ததால், சுரண்டினால் பாவம் என்று யாரும் கை வைக்கவில்லை.

அந்தச் சிலுவையைச் செதுக்கியது யாருடைய பூட்டன்? சண்டை அங்கேதான் பிடித்தது. சிலுவைக்குக் கீழே அறுத்தால் அது மிக்கேல்ராஜுக்கு. மேலே அறுத்தால் சாமுவேலுக்கு.

"கோட்டத் தாண்டாதே மச்சான்!" என்றான் மிக்கேல்ராஜ்.

"ஒன் கோடு எங்கே இருக்கு? மூஞ்சியிலயா போடட்டும்?" என்ற சாமுவேல், சொன்னபடியே போட்டான். மிக்கேல்ராஜின் முன்பல் பறந்து, கெபியில் இருந்த மாதாவின் காலடியில் காணிக்கையாக விழுந்தது. மிக்கேல்ராஜ் ஒரு பெஞ்சைத் தூக்கி மச்சானின் முதுகில் இறக்கினான். பெஞ்சு இரண்டானது. முதுகு எத்தனையானது என்று எக்ஸ்ரேதான் சொல்ல வேண்டும். சாமுவேல் பாராங் கத்தியை உருவி வீசினான். மிக்கேல்ராஜின் காதோரம் ஒரு கீற்று தொங்கியது.

"ரெண்டு பேரும் செத்துத் தொலைங்க, ஒரே குழியில போடுறேன்!" என்று அக்னஸ் இடையில் பாய்ந்து, வீட்டுக்காரருக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று செருப்பால் சமமாகப் பங்கிட்டாள்.

அடித்து ஓயவில்லை, அறுக்கத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு செயின்சா. மிக்கேல்ராஜ் சிலுவைக்குக் கீழே, சாமுவேல் சிலுவைக்கு மேலே, அவரவர் கோட்டில் ஒரே நேரத்தில்! முகத்தில் ரத்தம், வாயில் கெட்ட வார்த்தை, ஊரெல்லாம் மரத்தூள். தம்போராவே வெட்கப்பட்டிருக்கும். அவசரத்தில் மிக்கேல்ராஜின் சுண்டுவிரல் நுனியும் போனது. இரண்டு செயின்சாவும் ஒன்றாக மறுபக்கம் வந்தன.

நடுவிலிருந்து ஒரு சாண் கனத்தில் வட்டத்துண்டு ஒன்று பொத்தென்று விழுந்தது, சிலுவையோடு. அது மேல்பாதியும் இல்லை, கீழ்பாதியும் இல்லை.

முதலில் கணக்குப் புரிந்தது கிளாரிசாவுக்குத்தான். பாய்ந்து அள்ளினாள். அப்பன் அவள் முடியைப் பிடித்தான். அவன் கையைக் கடித்துக் குதறினாள். மாமன் குறுக்கே வந்தான். உடைந்த பெஞ்சுக்கட்டையால் முழங்காலில் ஒரே போடு. சாமுவேல் மடங்கினான். சத்தியமாகச் சொல்கிறேன், பூசையில் முதல் வாசகம் வாசிக்கும்போதுகூட அந்தப் பிள்ளைக்குக் குரல் நடுங்கும்! காரில் ஏறிக் கதவைப் பூட்டினாள். இருவரும் பானெட்டில் தொங்கினார்கள். அவள் ரிவர்ஸ் எடுத்ததில் சாமுவேலின் பாதம் சக்கரத்துக்கு அடியில் போனது. அந்த அலறல் பக்கத்து ஊரான பாயா ரும்புட் வரை கேட்டது.

கட்டெல்லாம் பிரிக்கும் முன்பே இருவரும் சிலுவையைக் கேட்டு அவளுடைய லேப்புக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன். துண்டின் முகத்தைக் கண்ணாடிபோல் இழைத்து வைத்திருந்தாள். பனிநாட்டு மரங்களின் வளைய வரிசையோடு பொருத்தி, எது எந்த வருசம் என்று கண்டுபிடித்திருந்தாள்.

"இதோ, ஆயிரத்து எண்ணூத்திப் பதினாறு. கோடை வராத வருசம்." தடித்த வளையங்களுக்கு நடுவில், நகத்தால் கீறியதுபோல் வெளிறிய கோடு ஒன்று.

சாமுவேல் குனிந்து பார்த்தான். "எல்லாஞ் சரி. செதுக்கினது எங்க பூட்டன்தானே?"

"வாய ஒடைச்சிருவேன்!" என்று பல்லில்லாமல் எழுந்தான் மிக்கேல்ராஜ்.

கிளாரிசா மேசையிலிருந்த மரச்சுத்தியலை எடுத்தாள். "அப்பா, உக்காருங்க. மாமா, நீங்களும்."

இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் லென்ஸைக் கண்ணில் வைத்து அடுத்த வளையத்துக்குப் போனாள்.