இரண்டு வரைபடங்களுக்கு நடுவே ஒரு வயல்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது. சிரித்தது நான் மட்டும்தான்.

நடு ஐரோப்பாவில், தெற்கு மொராவியாவில், நான் வெகுகாலமாகக் குடியிருக்கும் மேல் துப்ராவாவின் ஊராட்சி அலுவலகத்தில், புதிய நிலத் திட்டத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே அடுத்த ஊரான கீழ் துப்ராவாவின் திட்டம். எங்கள் ஓக் காட்டிலிருந்து ஒரு பச்சைக் கோடு கிளம்பித் தெற்கே இறங்கி ஊர் எல்லையில் நின்றது. அவர்கள் காட்டிலிருந்து இன்னொரு பச்சைக் கோடு வடக்கே ஏறி அதே எல்லையில் நின்றது. ஆனால் இரண்டும் சந்திக்கவில்லை. நடுவே ஒரு முழு வயலின் அகலம் இடைவெளி. மானும் முள்ளெலியும் வண்டும் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போய்வர, மரமும் புதரும் வளர விட்டுவைக்கும் பட்டைதான் அந்தப் பச்சைக் கோடு.

"எல்லைக்கு வந்த மான் ஊராட்சித் தலைவர்கிட்ட வழி கேட்டுட்டுப் பக்கவாட்டுல நடக்கணும் போல," என்று சொல்லி நானே சிரித்தேன்.

காபி மேசை அருகே நின்றிருந்த ஒரு பெண் கோப்பையைக் கீழே வைத்தாள். எங்கள் ஊர்த் திட்டத்தை வரைந்த யர்மிலா. இந்த ஊரில் பிறந்தவள், இப்போது நகரத்தில் வேலை. அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அன்று இரவே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மான்களுக்கு ஊர் எல்லை தெரியாது." அடித்துவிட்டேன். வனத்துறைத் துண்டறிக்கை மாதிரி இருந்தது.

இரண்டாவது: "யர்மிலா பென்சிலைச் சீவியபோது சன்னலுக்கு வெளியே பனி பெய்து—" பெய்யவில்லை. அது வசந்தம். ஐரோப்பா என்றதும் பனியைக் கொட்டிவிடுவது நம் கையின் பழக்கதோஷம்.

மூன்றாவது, இருந்துவிட்டுப் போகட்டும்: கோடு எங்கே போக வேண்டும் என்று யர்மிலாவுக்கு நன்றாகத் தெரியும்.

ஓக் காட்டிலிருந்து இறங்கும் மான்கள் எந்தத் தாழ்வு நிலத்தின் வழியாகப் போகும், எங்கே நின்று காதைத் திருப்பும் என்பதெல்லாம் அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தது. முதலில் கோட்டை அந்தத் தாழ்வில்தான் போட்டாள். பிறகு அழித்தாள். கிழக்கே தள்ளி, ஊராட்சிக்குச் சொந்தமான சாலையோர நிலத்தில் போட்டாள். கீழ் ஊர்த் திட்டத்தை வரைந்தவன் தன் கோட்டைச் சரியாக அந்தத் தாழ்வுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.*

அந்தத் தாழ்வு, அவள் அண்ணன் பொஹுமீரின் வயலுக்கு நடுவே போகிறது.

(* அவன் அவளுக்கு இரண்டு முறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. இரண்டு ஊரும் ஒரு கால்பந்துச் சண்டைக்குப் பிறகு ஒழுங்காகப் பேசிக்கொள்வதில்லை என்பதால் யாரும் அதைத் தவறாகவே நினைக்கவில்லை. அந்தச் சண்டையை எழுத ஆரம்பித்தால் இந்தக் கதை என் கையை விட்டுப் போய்விடும்.)

3

பொஹுமீரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிரதியில் அவன் ஒரு பேராசைக்காரன். சுலபமாக வந்தான், அதனாலேயே சந்தேகம் வந்தது. அடுத்த பிரதியில் தியாகி. படிக்கவே கூசியது.

உள்ளபடி சொல்கிறேன். வேட்டைச் சங்கத்தின் தலைவன், முன்கோபி. ஆனால் புல் அறுப்பதற்கு முன்னால் வயலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து, படுத்திருக்கும் மான்குட்டிகளைத் தேடுவான். மனித வாடை படக்கூடாது என்று கைநிறையப் புல்லைப் பிடுங்கி, அதற்குள் பொதித்துத்தான் குட்டியைத் தூக்குவான். இப்படிப்பட்டவனை வில்லனாக்க எனக்குத் திறமை போதாது.

அந்த நிலம் ஒரு காலத்தில் சிறு சிறு வயல்களாக இருந்தது. வரப்பெல்லாம் செர்ரி மரம், புதர். கம்யூனிஸ்ட் ஆட்சியில் எல்லார் நிலத்தையும் சேர்த்துக் கூட்டுப் பண்ணை ஆக்கியபோது டிராக்டர்கள் வரப்புகளை உழுது எல்லாவற்றையும் ஒரே வெளியாக்கின. அவர்கள் அப்பா சன்னலை விட்டு நகராமல் நின்று அதைப் பார்த்தார். ஆட்சி மாறி நிலம் திரும்பி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. மொட்டை வெளியில் நான்கு இரும்பு முளை அடித்து, இதுதான் உங்களுடையது என்றார்கள். யர்மிலா தன் பங்கையும் அண்ணனுக்கே எழுதிக் கொடுத்தாள்.

பட்டையைப் பற்றிப் பேச அவள் அவன் வீட்டுக்குப் போனாள். பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியையும் வெங்காயத்தையும் அவன் முன்னால் தள்ளினான்.

(இங்கே தங்கைகள் அண்ணனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் கை "அண்ணே" என்று எழுதியது. அடித்தேன். மறுபடி எழுதியது. விட்டுவிட்டேன்.)

"அண்ணே, அந்தத் தாழ்வுல ஒரு பட்டை மட்டும். அங்க தண்ணி நின்னு உனக்கு ஒண்ணும் விளையறதும் இல்ல."

"அப்பாகிட்டயும் இப்படித்தான் வந்தானுங்க. பன்னு தின்னுட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டு."

"இது வேற. நிலம் உன் பேர்லயேதான் இருக்கும்."

"கூட்டுப் பண்ணைக்காரனும் அதத்தான் சொன்னான், யர்மிலா. உங்க பேர்லதான் இருக்கும்னு. வார்த்தைகூட மாறல."

"அப்ப நானும் அவனுங்களும் ஒண்ணா?"

"நீ என் தங்கச்சி. அதனாலதான் ஊத்தறேன்." ப்ளம் சாராயத்தை அவள் கிண்ணத்தில் விட்டான். "வேற எவனாவது வந்திருந்தா நாய அவுத்துவிட்டிருப்பேன். குடி."

குடித்தாள். மறுநாள் கோட்டை அழித்தாள்.

இந்த இடத்தில் அவளை வேறு மாதிரி நடக்கவைக்கப் பார்த்தேன். உறுதியாகப் பேசவைத்தேன், அழவைத்தேன், வேலையை உதறவைத்தேன். எதிலும் அவள் நிற்கவில்லை. அண்ணன் முகத்தில் அப்பா முகத்தைப் பார்த்தவள் வேறென்ன செய்வாள்? அவள் செய்தது தப்பு. அவள்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை.

4

பொஹுமீர் அதோடு விடவில்லை. வயலைச் சுற்றிக் கம்பிவேலி போட்டான். காட்டுப்பன்றிக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டான்.

அன்று காலை சாலையில்—

விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு கார்—

வேண்டாம். நேராகவே சொல்கிறேன். ஊராட்சியில் நான் சிரித்த அந்த வாரமே, புதன்கிழமை காலை, ஒரு பெண்மான் சாலையோரம் அடிபட்டுக் கிடந்தது. வேலி வந்ததால் தாழ்வு வழியே போக முடியாமல், கம்பியை ஒட்டிக் கிழக்கே நடந்து சாலைக்கு வந்திருக்கிறது. வரைபடத்தில் யர்மிலா மாற்றிப் போட்ட பச்சைக் கோட்டின் மேலேயே நடந்திருக்கிறது. அவள் சொன்ன வழியில் போன ஒரே மான் அதுதான்.

திட்டத்துக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமைவரை நேரம் இருந்தது. கடைசியாக ஒருமுறை அண்ணனிடம் பேசலாம் என்று வந்துகொண்டிருந்தாள் யர்மிலா. வேட்டைச் சங்கத் தலைவன் என்பதால் அவனைத்தான் முதலில் கூப்பிட்டிருந்தார்கள். அவள் காரை நிறுத்தியபோது அவன் மானை வேட்டைக்காரர் முறைப்படி வலது பக்கமாகக் கிடத்திக்கொண்டிருந்தான்.

"மடியப் பாரு," என்றான்.

பால் கட்டியிருந்தது. குட்டி எங்கோ புல்லில் படுத்திருக்கிறது. தாய் வரும்வரை அது அசையாது.

செத்த மானின் வாயில் ஒரு பச்சைக் கிளையை வைக்காமல் இங்கே எந்த வேட்டைக்காரனும் நகரமாட்டான். கடைசிக் கவளம் என்பார்கள். கத்தியால் வெட்டக்கூடாது, கையால்தான் ஒடிக்க வேண்டும். பொஹுமீர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். கடுகுச் செடி. கம்பி. தார்ச்சாலை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒடிப்பதற்கு ஒரு மரம் இல்லை.

"இங்கயே இரு," என்றான்.

ஓக் காட்டை நோக்கி நடந்தான். யர்மிலா மானின் அருகில் சாலையோரமே உட்கார்ந்தாள். அதன் கண்ணை மூடிவிட வேண்டும்போல் இருந்தது, தொடத் துணியவில்லை. வெகுநேரம் கழித்து அவன் காட்டு ஓரத்தில் தெரிந்தான். வயதான கால்கள் எது சுலபமோ அந்த வழியில் இறங்கின. தாழ்வு வழியாகவே வந்தான். அவள் முதலில் போட்டு, பிறகு அழித்த கோடு. வேலியை அடைந்ததும் நின்றான். கம்பியைத் தூக்கி, குனிந்து நுழைந்தான். சட்டை மாட்டிக்கொண்டது. தன் வேலியிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ள அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

கொண்டுவந்த ஓக் கிளையை இரண்டாக ஒடித்தான். ஒரு பாதியை மானின் பற்களுக்கிடையே வைத்தான். தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் நின்றான். பிறகு கையில் மிஞ்சிய பாதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பாதி சுட்டவங்களுக்குத்தானே?" என்றாள் யர்மிலா. "இத யாரும் சுடலையே."

"கொன்னவங்க தொப்பியில வெச்சுக்கணும். அதுதான் முறை." அவன் குரல் இறங்கியிருந்தது. "கார்க்காரன் நிக்காம போயிட்டான். மிச்சம் இருக்கறது நாம ரெண்டு பேருதான். சொல்லு, யாரு வெச்சுக்கறது?"

கிளையை அவளுக்கும் தனக்கும் நடுவே நீட்டினான்.

5

முடிவு ஒன்று: பொஹுமீர் கிளையைத் தன் தொப்பியில் செருகிக்கொள்கிறான். வேலியைப் பிடுங்குகிறான். வெள்ளிக்கிழமைக்குள் அவனே போய், என் வயலில் கோட்டைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுக்கிறான். செர்ரிகள் பூக்கின்றன. (பழைய துண்டறிக்கை. ஆனால் ஆசையாகத்தான் இருக்கிறது.)

முடிவு இரண்டு: யர்மிலா வாங்கிக்கொள்கிறாள். அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிக் கோட்டைத் தாழ்வுக்கே திருப்புகிறாள். வேலை போகிறது. அண்ணன் அவளுக்குச் சாராயம் ஊற்றுவதை நிறுத்திவிடுகிறான். மான்கள் நடக்கின்றன.

முடிவு மூன்று: கிளை சாலையோரக் குழியில் விழுகிறது. இரண்டு திட்டங்களும் இடைவெளியோடு நிறைவேறுகின்றன. நடைமுறையில் அதிகம் காணப்படுவது இதுதான் என்பதை நீங்களும் அறிவீர்கள், உங்கள் ஊரிலும்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதுவும் அந்தக் காலையைத் தாங்கவில்லை. யர்மிலா இவ்வளவுதான் எனக்குச் சொன்னாள். "அப்புறம்?" என்று கேட்டேன். "உனக்குத்தான் சிரிக்க வருதே, நீயே முடிச்சுக்கோ," என்றாள். நியாயமான பதில். அன்று சிரித்த வாயால் நான் இதை முடிக்க விரும்பவில்லை.

என் கோடு இந்த எல்லையோடு நிற்கிறது. உங்களுடையது எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியாது. போன் செய்தால் எடுங்கள்.

இன்று புதன்கிழமை. அவன் கை இன்னும் நீட்டியபடி இருக்கிறது. குட்டி இன்னும் அசையவில்லை.